நெடுங்கழியா, சாட்டையா?

"வீட்டுக்காரருக்காம்மா?" என்று கேட்டார் தூண்டில் கடைக்காரர் மெர்வின்.

வந்த பெண்மணி சுவரில் மாட்டியிருந்த தூண்டில் கழிகளைப் பார்த்தாள். "நெடுங்கழிக்கும் சாட்டைக்கழிக்கும் என்னங்க வித்தியாசம்?"

"நெடுங்கழி பதிமூணு மீட்டர். பெரிய கெண்டை மாட்டினாலும் தாங்கும். ஆனா ஒவ்வொரு மீனுக்கும் துண்டு துண்டா கழட்டி மாட்டணும். சாட்டை நாலு மீட்டர்தான். பொடி மீனை வெடுக்குன்னு கைக்கே இழுத்துடலாம்."

"நம்ம லெஸ்டர் கால்வாய்க்கு எது நல்லது?"

"இந்தக் குளிர்ல பெரிய மீன் அசையாது. கரையோரம் பொடி மீன்தான் கடிக்கும். சாட்டைதான் ஜெயிக்கும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை மீன்பிடி போட்டிக்கு நீங்களும் அதைத்தான் எடுப்பீங்களா?"

"பின்னே? ஏழு வருஷமா கோப்பை என்கிட்டதான். இந்தத் தடவை பாக்ஸ்டன்னு ஒருத்தன் புதுசா சேர்ந்திருக்கானாம். வரட்டும், பயலை அழ வச்சு அனுப்பறேன்."

அவள் சாட்டைக்கழியை எடுத்துக்கொண்டாள். ரசீது போடப் பெயர் கேட்டார் மெர்வின்.

"ஹிலாரி பாக்ஸ்டன். ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்து இடம்தான் எனக்கு."

மெர்வினின் பேனா நின்றது.

"கொஞ்சம் இருங்கம்மா... நல்லா யோசிச்சுப் பார்த்தா, உங்களுக்கு நெடுங்கழிதான் சரிப்படும்!"