பைப்பில் இரண்டு தட்டு

தீபன் குளித்து முடிக்கிற வரைக்கும் பாய்லரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தினேஸ்வரி கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஹீட்டர் மாட்ட வந்திருந்த அமீருல் மறுபேச்சு பேசவில்லை. அதுவரை குளியலறைகளை அளந்து வைக்கிறேன் என்று பென்சிலோடு உள்ளே போனார்.

பிள்ளை ஈப்போவில் ராத்திரி ஷிப்டு முடித்து இப்போதுதான் வந்திருக்கிறான். இந்தச் செமோர் ஊரில் காலைத் தண்ணீர் உடம்பில் பட்டால் உயிரே போய்விடும். இந்தப் பழைய டீசல் பாய்லரின் கடைசிச் சுடுதண்ணீர் பெற்ற மகனுக்குப் போகட்டுமே, அதில் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

அந்தப் பாய்லர் ரப்பர் தோட்டத்துத் துரை காலத்துச் சாமான். தோட்டம் அழிந்து வீட்டு மனைகளானபோது துரை பங்களாவை மாமனார் வாங்கினார். அன்றிலிருந்து பாய்லர் மூத்த மருமகள் பொறுப்பு.

விடியலில் அவள்தான் பற்றவைப்பாள். தண்ணீர் காய்ந்ததும் ஸ்பேனரால் பைப்பில் இரண்டு தட்டு. இரும்புப் பைப் அல்லவா, டங் டங்கென்று மாடி வரைக்கும் கேட்கும். அவரவர் துண்டைத் தேடி எழுந்து வருவார்கள்.

புருஷன் பழனியப்பன் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்கு இருந்த பிடிமானமே அந்தச் சத்தம்தான்.

அதனால்தான் கொழுந்தன் மகேந்திரன் பேச்செடுத்தபோது அவள் அதை நல்லதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அண்ணி, இனிமே நீங்க விடியக்காலைல எந்திரிக்க வேணாம். ஆளுக்கொரு ஹீட்டர் போட்டுருவோம் லா.”

ஆகா, என்ன கரிசனம்! இன்றைக்குப் பாய்லர், நாளைக்கு நான் என்று அவள் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். தன்னை வீட்டைவிட்டுக் கிளப்பத்தான் இவ்வளவு ஏற்பாடும் என்று அடித்துச் சொன்னாள்.

தீபன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானப்படுத்தினான். “நான் இருக்கேன்ல ம்மா, ஒங்கள யாரு என்ன செஞ்சிருவா?”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் தலையை ஆட்டினாள்.

இன்றைக்கும் இரண்டு தட்டு தட்டினாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஓட ஆரம்பித்தது. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

அமீருல் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். எல்லாக் குளியலறைச் சுவரிலும் பென்சில் குறி போட்டாயிற்று. தினேஸ்வரி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“தம்பி, பின்னாடி ரூம விட்டுட்டீங்களே. நான் குளிக்கிறது அங்கதான்.”

அமீருல் நாடாவைப் பைக்குள் போட்டார்.

“அந்த ரூமுக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க அக்கா. தைப்பிங்ல முதியோர் ஹோம்ல ஒங்களுக்கு எடம் கெடைச்சிருச்சாமே?”

அடப்பாவி மகேந்திரா! நினைத்தது அப்படியே நடந்துவிட்டதே. நீ நல்லா இருப்பியா, உன் வாயில் புழு வைக்க. அவன் சட்டையைப் பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொழுந்தன் அறைப் பக்கம் திரும்பினாள்.

“மகேந்திரன் அண்ணே மேல கோவப்படாதீங்க அக்கா. அவரு மொதல்ல ஒங்க ரூமுக்குத்தான் போடச் சொன்னாரு,” என்றார் அமீருல். “நேத்து சாயந்தரம்தான் போன் வந்துச்சு, வேணாம்னு.”

யார் போன் செய்தது என்று அவள் கேட்டாள்.

அமீருல் தண்ணீர் ஓடுகிற சத்தம் வந்த பக்கம், மாடியை, ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

கொழுந்தனுக்கென்று இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிந்தது. அவள் பாய்லர் பக்கம் திரும்பி நடந்தாள்.

பிறகு குனிந்து, சுடுதண்ணீர் வால்வை இறுக்கி மூடினாள்.

“ம்மா! பச்சத்தண்ணி வருது!”



மேலேயிருந்து பைப் அதிர்ந்தது. டங் டங். அந்தப் பக்கமிருந்து சத்தம் வருவது இதுதான் முதல் தடவை.

தினேஸ்வரி ஸ்பேனரை அமீருலிடம் நீட்டினாள்.

“கழட்டுங்க தம்பி.”