பதினொன்றாவது கீரி

முட்டை திருடியதாகக் காட்டு மன்றம் ஒரு கீரியைக் கூண்டில் அடைத்தது. ஏழைகளுக்காக வாதாட மன்றத்தில் இருந்தது ஒரே ஒரு மைனாதான். நூறு வழக்குகளைச் சுமந்து அது பெயர்களையே குழப்பிக்கொண்டதால், ஒரு நேரத்தில் பத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று புது விதி வந்திருந்தது.

"நீ பதினொன்றாவது ஆளு," என்றது மைனா வருத்தத்துடன். "இன்னொரு மைனாவை வைக்கச் சொல்லிக் கேட்டேன். குளம் வெட்டுறவங்களுக்குக் கூலி கொடுக்கவே தானியம் போதலைன்னு தலைவர் யானை சொல்லிட்டார்."

கீரி கம்பி ஓரமாக நகர்ந்து வந்தது.

"வழக்கு கிடக்கட்டும், மைனாக்கா. மூங்கில் புதர்ப் பக்கம் போனா, என் குட்டிங்க கண் திறந்துடுச்சான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

மைனா பறந்து போய்த் திரும்பி வந்தது.

"திறந்துடுச்சு. மூணும் வாசலையே பார்த்துட்டு இருக்கு."

கீரி கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டது.

"கண்ணு என்ன நிறம், அக்கா?"