தைல வாடை

துபாய் ஹோட்டலில், ஒயின் ருசி பார்க்கும் அறையில் வேலை செய்பவர்கள் சென்ட் பூசக் கூடாது. அங்கே வருகிறவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். விஜயபாஸ்கர் சோப்பைக்கூட வாசனை இல்லாததாக மாற்றியிருந்தான். அவன் ரூமில்தான் தைல வாடை போகவில்லை. கீழ்க்கட்டில் ராமையா அண்ணன் தினமும் படுக்குமுன் முட்டிக்குக் கோடாலித் தைலம் தேய்ப்பார். போன வாரம் அவர் உடலைப் பலகைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பியாயிற்று.

டபுள் டூட்டி அசதியில் கால் கெஞ்ச, மத்தியானம் அவன் ஒயின் ஊற்றினான். சுஷ்மிதா என்ற சென்னைப் பெண் கோப்பையை முகர்ந்தாள்.

"கோடாலித் தைலம் மாதிரி இருக்கு."

சூப்பர்வைசர் அவன் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை. வேறு பாட்டில் திறக்கச் சொன்னார்.

"இதுலயும் அதேதாங்க. கூடவே புதுசா அறுத்த பலகை வாசனை."

மிச்சத்தை உள்ளே கொண்டுபோய் அவனே முகர்ந்தான். வெறும் ஒயின்தான்.

சாயங்காலம் ரூமில் தைல வாடையே இல்லை. "அண்ணன் மெத்தையத் தொவைச்சீங்களா?" என்று ரூம்மேட் அருள்ராஜிடம் கேட்டான்.

"யாரும் தொடலப்பா. மத்தியானத்துலேருந்து அதுல ஒயின் நாத்தம்தான் அடிக்குது" என்று சொல்லிவிட்டு அருள்ராஜ் நைட் டூட்டிக்குக் கிளம்பிப் போனான்.

ராமையா அண்ணன் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. விஜயபாஸ்கருக்கு யோசிக்கத் தெம்பில்லை. யூனிஃபார்மோடு மேல்கட்டிலில் ஏறிப் படுத்தான். கண் சொக்கும்போது, கீழே முட்டியைத் தேய்க்கும் சத்தம் வழக்கம்போலக் கேட்டது.

"கொஞ்சம் தூங்க விடுங்கண்ணே" என்றான்.

சத்தம் நின்றது.