பதினெட்டாம் நம்பர்

தூத்துக்குடியில் பிலோமி வேலை பார்க்கும் வங்கியில், நாளை முதல் எல்லாக் கவுன்ட்டரிலும் ஒரே சிரிப்புதான். முகமில்லாமல் வெறும் பல்வரிசையாக முப்பது ஊழியர்களின் படங்களை வங்கி அனுப்ப, வாடிக்கையாளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சிரிப்பு. காலையில் போனதும் அதே அச்சில் செய்த உறையை அவள் பல்லின் மேலும் ஒட்டிவிடுவார்கள். பிறகு கழற்ற முடியாது.

சாப்பிடும்போது முடிவுப் பட்டியலைக் கணவன் கஸ்பாரிடம் காட்டினாள்.

“கடைசியில பாருங்க, பதினெட்டாம் நம்பர். என் தெத்துப்பல்லுதான். பதினோராயிரம் பேர்ல ஒரே ஒரு ஓட்டு. யாரு அந்தக் கிறுக்கன்?”

கஸ்பார் மீனில் முள்ளை எடுத்தபடி சொன்னான்: “நான்தான்.”

“முகமே இல்லையே, எப்படித் தெரிஞ்சுது?”

“ஒம்பது வருஷமாப் பாக்கேன், தெரியாதாக்கும்? சரி, அதுக்கு என் ஓட்டு ஒண்ணுதான் விழுந்திருக்கு. ஒனக்கும் அங்க அக்கவுன்ட் இருக்குல்லா. நீ யாருக்குப் போட்ட?”

ஜெயித்த சிரிப்புக்குத்தான் பிலோமி போட்டிருந்தாள். வழக்கம்போல உதட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

கஸ்பார் இடது கையால் அந்தக் கையை மெல்ல விலக்கினான்.

“காலையிலதான ஒட்டுவாங்க? அதுவரைக்கும் மறைக்காதட்டி.”