வேருக்குள் இருப்பவர்களுக்கு

வவுணதீவில், வயல்வட்டைத் தண்ணீர் வாவிக்குள் இறங்கும் வாய்க்காலோரம், காலை வெயில் பன்புல்லின் நுனிகளில் மஞ்சளாய்த் தங்கியிருக்கிறது. போன போகத்தில் இறால் குஞ்சுகள் செத்து மிதந்த இடம் இது. மேலே வயலில், கண்ணகையின் கணவர் முதுகில் சுமந்து களைநாசினி விசிறும் இயந்திரம் இரைகிறது. கண்ணகை முழங்கால் தண்ணீரில் நின்று, பிடுங்கிய பன்னை வேர் வெளுக்கும்வரை அலசி நீட்டுகிறாள். ஆய்வுகூடத்திலிருந்து வந்திருக்கும் முப்லிஹாவின் கை பாதியில் நின்றுவிடுகிறது. "சேறோட கேட்டனே அக்கா." "தேடி வந்த புள்ளைக்குச் சேறோடயா குடுக்கிற?" முப்லிஹாவுக்குச் சிரிப்பு வருகிறது. "பரவாயில்லக்கா. நான் தேடுற பற்றீரியா வேருக்கு உள்ளுக்கயும் இருக்கும், கழுவினாப் போகாது. வயலுக்கு அடிக்கிற களை எண்ணெயை அதுகள் திண்டு கரைக்குமா எண்டுதான் பாக்கப் போறம்." கண்ணகை வேரை வெயிலுக்கு உயர்த்தி, கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்க்கிறாள். பிறகு அதை ஈரச் சாக்கில் மெல்லச் சுற்றுகிறாள். வெற்றுப் போத்தல் ஒன்றில் அதே வாய்க்கால் தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி, சாக்கின் பக்கத்தில் வைக்கிறாள். "இது என்னத்துக்கு அக்கா?" "தூரம்தானே புள்ள. போற வழியில அதுகளுக்குப் பசிக்கும்."