நெஞ்செரிச்சல் மாத்திரை

ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலின் கம்பிகள் வழியே காலை வெயில் கோடு கோடாக விழுகிறது. தையல்காரி விரல்களை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறான். பல வருடம் அடங்கிக் கிடந்த அவளுடைய எச்.ஐ.வி. கிருமி போன பரிசோதனையில் தலைதூக்கியிருந்தது. "மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் கையில் எடுத்துக் கொடுப்பவனே அவன்தானே! இந்த ஜன்னலுக்குள் இருக்கும் ஃபார்மசிஸ்ட் அம்மாதான், "எப்படிக் கொடுப்பீங்க, காட்டுங்க" என்றார். அவன் உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகளை வைத்துக் காட்டினான். ஒன்று எச்.ஐ.வி. மாத்திரை. மற்றது, அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடுமோ என்று பயந்து அவனாகவே வாங்கிச் சேர்த்த, மிட்டாய் போல மென்று தின்கிற நெஞ்செரிச்சல் மாத்திரை. "அட கடவுளே, சேர்த்துப் போட்டா இது அதை உடம்புல ஒட்டவே விடாதே!" என்று அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை அவன் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை. இப்போது அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கணினியில் புதுப் பரிசோதனையின் முடிவைப் பார்க்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. "ரத்தத்துல கிருமி தென்படவே இல்லம்மா. மறுபடி அடங்கிடுச்சு." தையல்காரியின் விரல்கள் தாமாகப் பிரிகின்றன. அவன் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கித் தன் வாயில் போட்டுக்கொள்கிறான். "காலையிலேர்ந்து எனக்குத்தான் நெஞ்சு எரியுது" என்று மென்றுகொண்டே சொல்கிறான். கண்ணில் நீர் முட்டுகிறது. "ஏங்க," என்று அவள் முந்தானையை நீட்டுகிறாள், "இனிப்பு மாத்திரைதானே அது, அதுக்குப் போய் அழறீங்களே!"