பதினோராம் கட்டிலின் நோன்பு

“பாய், டம்ளரைக் கீழ வைங்க!”

சாந்தம்மா சிஸ்டர் பாய்ந்து வந்து தண்ணீர் டம்ளரைப் பிடுங்கினாள். பதினோராம் கட்டிலில் கிடந்த தாடிக்காரர் நீட்டிய கையை மடக்காமல் அவளையே பார்த்தார். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது.

“அம்மா, ஒரு மடக்கு நீரு...”

“பொழுது சாயட்டும். நானே கஞ்சி கொண்டாந்து தரேன்.”

சாந்தம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். போன வாரம் வரை பேதி என்று வந்தவர்கள் எல்லாரையும் ஒரே மிரட்டாக மிரட்டி உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்தவள்தான். ரம்ஜான் மாதம் என்று பாராமல், பதினோராம் கட்டிலில் தாடியோடு கிடந்த அக்பர் பாஷா வாயிலும் ஊற்றப் போனாள். பாஷா பக்கத்துக் கம்பெனியில் யூனியன் ஆள். அடுத்த ஷிஃப்ட் விட்டதும் ஒரு கூட்டமே மேட்ரன் அறை வாசலில் வந்து நின்றது.

மேட்ரன் சரோஜம்மாள் அப்போதுதான் மெட்ராசில் ஏதோ வகுப்புக்குப் போய், பட்டுப்புடவையும் ஞானமும் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள். “நோயாளியோட பழக்க வழக்கத்த மதிக்கத் தெரியாதவளெல்லாம் ஒரு நர்ஸா? இன்னொரு வாட்டி கேள்விப்பட்டேன், உனக்கு வேலை இருக்காது!” என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். வார்டு முழுவதற்கும் ஒரே நர்ஸை நிறுத்துவது எந்த ஊர்ப் பழக்கம் என்று மட்டும் அந்த வகுப்பில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

அன்றிலிருந்து பதினோராம் கட்டில் என்றாலே சாந்தம்மாவுக்குத் தனி ஜாக்கிரதை. நேற்று அவளுக்கு வார லீவு. இன்று வந்ததும் முதலில் அங்கேதான் ஓடினாள். கட்டிலடியில் பினாயில் ஈரம் இன்னும் காயாமல் வழுக்கியது.

“அம்மா, நான் வந்து...”

“எல்லாம் எனக்குத் தெரியும் பாய். பேசாதீங்க, நாக்கு இன்னும் வறளும்.”

அதற்குள் மூன்று பக்கமிருந்தும் “சிஸ்டர்!” என்று குரல் வந்தது. அவருக்கு யாரும் சொட்டுத் தண்ணீர் தரக்கூடாது என்று ஆயாவிடம் உத்தரவு போட்டுவிட்டு ஓடினாள்.

மத்தியானம் மேட்ரனோடு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், தாடிக்காரரின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

“உடனே சலைன் ஏத்துங்க! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உசுரே போயிருக்கும். காலையிலேர்ந்து என்னதான் குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கல டாக்டர்” என்றாள் சாந்தம்மா, நெஞ்சை நிமிர்த்தி. “அவருக்கு நோன்பு.”

மேட்ரனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “நான்தான் சொல்லிக் குடுத்தேன் டாக்டர். மத்தவங்க வழக்கத்த மதிக்கணும் இல்லையா?”

தாடிக்காரர் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி, நான் திருப்பதிக்கு முடி வளக்கற ஜவளகிரி திம்மராயனுங்க, அந்த பாஷா நேத்தே வூட்டுக்குப் போயிட்டாருங்க!”